வண்டியை உள்ளே விடுகிறார்கள், எங்கே நிறுத்துவது?

காலை 10.40. பதினோரு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். வேனில் இன்னும் ஒன்பது பெட்டி, நான்கு கடை. கடைகளுக்கு டெலிவரி வேன் ஓட்டுகிற என் நிலைமை நேற்று இதுதான். இதை எங்காவது எழுதி வைத்தால்தான் மனசு ஆறும் போலிருக்கிறது.

நகர மையத்தில் புதுக் கட்டுப்பாடு வந்து இது மூன்றாவது மாதம். கார்களுக்கு உள்ளே நாள் முழுக்க அனுமதி இல்லை. சரக்கு வண்டிகள் காலை 8 மணியிலிருந்து 11 மணி வரை போகலாம், அப்புறம் மாலை 6 மணிக்கு மேல். நடுவில் குறுக்காகப் போய்க்கொண்டிருந்த சாலையை இரண்டாக வெட்டிவிட்டார்கள், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்தத் திட்டத்துக்கு எதிரி இல்லை. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் எல்லோரும் கட்டுப்பாடு என்றாலே கத்துவான் என்று ஒரு எண்ணம் இருக்கிறது, அது சரியில்லை. நெரிசலில் அதிகம் மாட்டுவது நாங்கள்தான். காரில் வருகிறவர் ஒருமுறை மாட்டுவார், நான் ஒரு நாளைக்கு முப்பது தடவை மாட்டுவேன். கார்கள் குறைந்த பிறகு உள்ளே சாலை எவ்வளவு லேசாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சாலையைக் கடக்கிறதைப் பார்த்துப் பதறுவதும் குறைந்திருக்கிறது.

இது வேலை செய்யாது என்று சொல்கிறவர்களுக்கு ஸ்வீடனில் இருக்கும் ஸ்டாக்ஹோமைத்தான் காட்டுவேன். அங்கே 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை, நகர மையத்துக்குள் வந்து போகும் வண்டிகளுக்குக் கட்டணம் வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அந்த மையப்பகுதியின் எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தன. சோதனை முடிந்து கட்டணத்தை எடுத்ததும் வண்டிகள் மறுபடி ஏறின. அந்தச் செப்டம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், நகரத்து மக்கள் கட்டணம் வேண்டும் என்றார்கள், 2007 ஆகஸ்டில் நிரந்தரமாகிவிட்டது. வைத்துப் பார்த்து, எடுத்துப் பார்த்து, அப்புறம் முடிவு செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, அப்படியென்றால் என் குறைதான் என்ன?

வண்டி ஓடுகிற நேரத்தை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். வண்டி நிற்கிற நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டெலிவரி என்பதில் பெரும்பாதி நிற்பதுதான். நிறுத்த இடம் தேட வேண்டும், பின்கதவைத் திறந்து பெட்டியைத் தேடி எடுக்க வேண்டும், டிராலியில் அடுக்கி, நடந்து, படியேறி, கையெழுத்து வாங்கி, காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். கட்டுப்பாடு வந்ததும் உள்ளே ஏற்றி இறக்கும் இடங்களில் பாதியை எடுத்துவிட்டு நடைபாதையை அகலமாக்கிவிட்டார்கள். அகல நடைபாதை நல்லதுதான். ஆனால் முன்பு கடை வாசலில் நின்றவன் இப்போது 150 மீட்டர் தள்ளி நிற்கிறேன். இருபது கிலோ பெட்டிகள் நாலு, அழகுக்குப் போட்ட கருங்கல் பதித்த தரை. டிராலியின் முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டினால் மேல்பெட்டி முன்னால் சரியும், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைப்பிடியைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். மழை நாளில் இன்னும் மோசம், அட்டை ஊறிப்போய் அடிப்பக்கம் பிய்த்துக்கொள்ளும். உடைந்த பொருளுக்குப் பதில் சொல்வதும் நான்தான்.

அடுத்தது நேரம். பதினோரு மணிக்குள் என்றால் எல்லா நிறுவனத்து வண்டியும் எட்டிலிருந்து பதினொன்றுக்குள் உள்ளே நுழையும். இருக்கிற ஆறு இடத்துக்கு இருபது வண்டி. முன்பு நாள் முழுக்கப் பரவியிருந்த வேலையை மூன்று மணி நேரத்தில் அடைத்தால் காலையில் நெரிசல் வராமல் என்ன செய்யும்? கடைக்காரர்களுக்கும் கஷ்டம். நேற்று ஒருவர், என்னைவிட வயதில் மூத்தவர், கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன குரலில் சொன்னார்: "தம்பி, நான் கடை திறக்கிறதே பத்து மணிக்கு. நீ ஒன்பதுக்கு வந்து நின்னா யார் வாங்கி வைக்கிறது? பத்தே முக்காலுக்கு வந்தா நீயே ஓடணும்." பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு அப்படித்தான் ஓட்டுகிறோம்.

வெட்டிய சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது புது யோசனை இல்லை. நெதர்லாந்தில் கிரோனிங்கன் நகரம் 1977-லேயே மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாமல் செய்துவிட்டது. பெல்ஜியத்தில் கென்ட் நகரம் 2017 ஏப்ரலில் நடப்பவர்களுக்கான மையப்பகுதியைச் சுற்றி ஆறு பகுதிகள் என்று அதையே செய்தது. சும்மா குறுக்கே கடந்து போகிற வண்டிகளை வெளியே தள்ளுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் ரூட் போடுகிறவர்கள் இன்னும் பழைய மாதிரியே, எந்த முகவரி எதற்குப் பக்கம் என்று பார்த்தே அடுக்குகிறார்கள். வரைபடத்தில் 80 மீட்டர் தள்ளி இருக்கிற இரண்டு கடைகள் இப்போது வேறு வேறு பகுதி, நடுவில் இருபது நிமிடச் சுற்று. ஒரு பகுதியை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும், லோடும் அந்த வரிசையில்தான் ஏற வேண்டும், கடைசிப் பகுதிக்கான பெட்டி வேனின் உள்கோடியில். இதை நானே காலையில் அரை மணி முன்னதாக வந்து மாற்றி அடுக்கிக்கொள்கிறேன். அந்த அரை மணிக்குச் சம்பளம் கிடையாது.

அறிவிப்புப் பலகையைப் பற்றி எழுதாமல் விட மனசில்லை. நுழையும் இடத்தில் ஒரே கம்பத்தில் நான்கு பலகை: எந்த வண்டி, எத்தனை டன், எந்தெந்த நேரம், யாருக்கு விலக்கு. பின்னால் வண்டிகள் வந்துகொண்டிருக்க, ஓடுகிற வண்டியிலிருந்து அதைப் படித்து முடிக்க இரண்டு மூன்று நொடிதான். படித்து முடிக்கும்போது கேமராவைத் தாண்டியிருப்போம், திரும்புவதற்கு இடம் இல்லை. முதல் மாதம் எனக்கு இரண்டு அபராதம் வந்தது. நேரத்துக்குள் போனதற்கு ஒன்று, மேல்முறையீடு செய்து அதை ரத்து செய்ய வைத்தேன். இன்னொன்று என் தப்பு, கட்டிவிட்டேன். தவறுதலாக வந்தவர் திரும்பிப் போக, பலகைக்கு ஐம்பது மீட்டர் முன்னால் ஒரு வழி விட்டிருந்தால் போதும்.

தீர்வு இல்லாத விஷயமே இல்லை இது. நியூயார்க்கில் 2025 ஜனவரி 5 அன்று மன்ஹாட்டனின் தென்பகுதிக்குக் கட்டணம் வைத்தபோது, இரவில் அதை 75 சதவீதம் குறைத்தார்கள், லாரிகளுக்கும் சேர்த்து. கூட்டத்தில் வராதே, இரவில் வா என்று அதற்கு அர்த்தம். இரவில் இறக்கினால் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடுமே என்பார்கள், அது நியாயமான பயம். நெதர்லாந்தில் அதற்கு பீக் என்று ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள், இரவு 11 முதல் காலை 7 வரை ஏற்றி இறக்கும் சத்தம் 60 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. ரப்பர் சக்கர டிராலி, வேனின் தரையில் மெத்தென்ற விரிப்பு, அதிராமல் மூடுகிற கதவு, அவ்வளவுதான். என் டிராலிக்கு மென்மையான சக்கரம் மாற்றிய அன்றைக்கே வித்தியாசம் காதில் தெரிந்தது.

பேட்டரி வேன், சரக்கு சைக்கிள் எல்லாம் வரட்டும், சின்னப் பெட்டிகளுக்கு சைக்கிள்தான் சரி என்று நானே நினைக்கிறேன். ஆனால் ஃப்ரிட்ஜ், கட்டில், நாற்பது பெட்டித் தண்ணீர் பாட்டில் எல்லாம் அதில் போகாது. ஏற்றி இறக்கும் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தெருமுனைக்கும் ஒன்று, சும்மா நிற்கும் வண்டியை அங்கிருந்து உடனே எடுக்கச் செய்யும் ஆளோடு. நேரத்தையும் காலை ஐந்திலிருந்து திறந்துவிட வேண்டும்.

இரண்டு வாரமாக ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன்: வண்டி ஓடின நிமிடம், இடம் தேடின நிமிடம், நடந்த நிமிடம். நேற்றைய கணக்கு: மையத்துக்குள் ஓட்டியது 41 நிமிடம், இடத்துக்குக் காத்திருந்தது 38, டிராலியோடு நடந்ததும் கடையில் கையெழுத்து வாங்கியதும் சேர்த்து 72. அடுத்த மாதம் ஆறு மாத ஆய்வுக்கு முந்தைய கருத்துக் கேட்பு இருக்கிறது, அங்கே இந்த நோட்டோடு போகிறேன். உள்ளே வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள், ஒரு ஆள் கணக்கைவிடப் பத்து ஆள் கணக்கைத் தட்டிவிடுவது கஷ்டம்.