எது மொதல்ல எந்திரிக்கணும்

ஹைப்பர்வைசர், அதாவது ஒரே கம்ப்யூட்டருக்குள்ள பல கம்ப்யூட்டரை ஓட்டற சாப்ட்வேர், அதை இன்ஸ்டால் பண்றது பெரிய சோலியே இல்லைங்க. பென்டிரைவ்ல ஐஎஸ்ஓவை ஏத்தி, பயாஸ்ல விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகிருக்கான்னு பாத்து, டிஸ்க்கை காட்டி ஐபி குடுத்தா ஒரு டீ குடிச்சுட்டு வரதுக்குள்ள முடிஞ்சிரும், அப்புறம் நாங்க வெச்சிருக்கற ப்ராக்ஸ்மாக்ஸ்னா பிரவுசர்ல 8006னு போர்ட் போட்டா ஸ்கிரீன் வந்துரும். அதுக்கு மேல இருக்கறது தான் நெசமான வேலை. எந்த மெஷின் எதை நம்பி ஓடுது, எது நின்னா எதெல்லாம் கூட நிக்கும், மொத்தமா அணைஞ்சு போனா எது மொதல்ல எந்திரிக்கணும், இது மூணும் தெரியாம எவ்வளவு நல்ல சர்வர் வாங்கி வெச்சாலும் பிரயோசனம் இல்லைன்னு நான் நம்பறேன்.

நான் இருக்கறது திருப்பூர்ல, அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி. நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் ஒரே குரூப்புக்குள்ள, பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லும் உண்டு. எங்க டேட்டா சென்டர்னா ரெண்டு ரேக், ரெண்டு ஏசி, ரெண்டு யூபிஎஸ் இருக்கற ஒரு ரூமு, அவ்வளவு தான். ஆனா அந்த ரூமு நின்னா தூத்துக்குடி போக வேண்டிய கண்டெய்னருக்கு பேக்கிங் லிஸ்ட் வராது, சனிக்கிழமை சம்பளம் வராது. இங்க வாரச் சம்பளம், சனிக்கிழமை பொழுதோட கைக்கு காசு வந்தா தான் ஞாயித்துக்கிழமை வீட்டுல கறி எடுப்பாங்க. அதனால சம்பள சாப்ட்வேர் ஓடற மெஷினை லிஸ்ட்ல இருக்கற இன்னொரு விஎம்னு (விர்ச்சுவல் மெஷின், சர்வருக்குள்ள ஓடற கம்ப்யூட்டர்) என்னால பாக்க முடியாது, அதுக்கு பின்னாடி எத்தனை வீடு இருக்குதுன்னு தான் நெனப்பு வரும்.

முன்னாடியெல்லாம் ஒரு சாப்ட்வேருக்கு ஒரு பெட்டி. ஆர்டர், ஸ்டாக் எல்லாம் பாக்கற ஈஆர்பிக்கு ஒன்னு, டேலிக்கு ஒன்னு, பயோமெட்ரிக் அட்டென்டன்ஸுக்கு ஒன்னு, கட்டிங் டிசைன் (கேட்) ஃபைலுக்கு ஒன்னு. 2012 வாக்குல கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் போன காலத்தை இங்க இருக்கற யாரும் மறந்திருக்க மாட்டாங்க, ஜென்செட் எடுக்கற வரைக்கும் தாங்கறதுக்குன்னு ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி யூபிஎஸ், அதுல எதோட பேட்டரி செத்திருக்குன்னு கரண்ட் போனா தான் தெரியும். அப்பறம் தான் எல்லாத்தையும் விஎம்வேர்ங்கற ஹைப்பர்வைசருக்குள்ள கொண்டு வந்தோம். ஒரே கம்ப்யூட்டருக்குள்ள பல கம்ப்யூட்டர் ஓட்டறது ஐபிஎம் 1972லயே விஎம்/370னு கொண்டு வந்த சங்கதி தான், நம்ம ஆபீஸ்ல இருக்கற மாதிரி எக்ஸ்86 பெட்டிக்கு அதை நல்லபடியா கொண்டு வந்தது 1998ல ஆரம்பிச்ச விஎம்வேர். 2005, 2006ல இன்டெலும் ஏஎம்டியும் சிப்புக்குள்ளயே அதுக்கு வழி வெச்சாங்க, 2007ல லினக்ஸ் கெர்னல் 2.6.20லயே கேவிஎம்ங்கற ஹைப்பர்வைசர் சேந்துருச்சு.

2023 நவம்பர்ல விஎம்வேரை பிராட்காம் வாங்குச்சு, டிசம்பர்லயே நிரந்தர லைசென்ஸ் விக்கறதை நிறுத்தி எல்லாம் சப்ஸ்கிரிப்ஷன்னு ஆச்சு. எங்க சைஸ் கம்பெனிக்கு வருசா வருசம் கட்டற கணக்கு ஒத்து வராதுன்னு, கேவிஎம் மேல நிக்கற ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறிடலாம்னு முடிவாச்சு. 2024 ஏப்ரல்ல வந்த அதோட 8.2 வெர்ஷன்ல, விஎம்வேரோட ஈஎஸ்எக்ஸ்ஐல இருந்து நேரா இழுத்துக்கற விசார்டும் வந்திருந்தது, அது ஒரு தெம்பு.

மாத்தறதுக்கு முன்னாடி நானும் கூட இருக்கற தம்பியும் ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு செக்‌ஷன் செக்‌ஷனா போனோம். சர்வர் லிஸ்ட் எங்ககிட்டயே இருந்துச்சு, எது எதை நம்பி இருக்குதுங்கறது தான் இல்லை. அது அங்கங்க வேலை பாக்கறவங்க கிட்ட தான் இருக்கும். டையிங் லேப் அக்கா சொன்னாங்க, "காலைல ஆறு மணிக்கு மொத பேட்ச் ஏறும் தம்பி, அதுக்குள்ள என்ற மெஷின்ல ரெசிபி தொறக்கலைன்னா மேல ஆள் சும்மா நிக்கும்"னு. அவங்க மெஷின்னு சொல்றது ஷேடு அளக்கற கருவியோட பேசற ஒரு பழைய விண்டோஸ் சாப்ட்வேர், அதுக்கு லைசென்ஸ் ஒரு யூஎஸ்பி டாங்கிள்ல, பென்டிரைவ் மாதிரி சொருகற ஒரு சாவியில இருக்குது. சம்பளம் போடற அண்ணனோ, "வெள்ளிக்கிழமை மத்தியானத்துல இருந்து சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் நம்ம பக்கம் வந்துராதீங்க சாமி"னு கையெடுத்துட்டாரு. சுத்திகரிப்பு பிளாண்ட்ல மீட்டர் ரீடிங் பதியற ஒரு மெஷின் இருக்குது. 2011 ஜனவரில மெட்ராஸ் ஐகோர்ட் ஆர்டர்ல திருப்பூர் சாயப்பட்டறை எல்லாம் மூடுன காலத்தை பாத்தவரு அங்க இருக்கற சூப்பர்வைசர். அந்த மெஷினை அஞ்சு நிமிசம் நிறுத்தணும்னு சொன்னதுமே அவரு முகம் மாறிப் போச்சு, ரீடிங்ல இடைவெளி விழுந்தா யாருக்கு பதில் சொல்றதுன்னு அவரு வெசனம் அவருக்கு. எந்த மானிட்டரிங் சாப்ட்வேரும் இதை நமக்கு சொல்லாது.

வந்து எல்லாத்தையும் ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல கட்டம் போட்டு அம்பு போட்டோம். போட்டப்ப தான் ஒரு அம்பு சுத்திக்கிட்டு கெளம்புன எடத்துக்கே வந்து நின்னுச்சு. நோடு எல்லாம் (விஎம் ஓடற ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு) நெட்வொர்க்ல பொதுவா இருக்கற என்ஏஎஸ் ஸ்டோரேஜை பேரு சொல்லி மவுண்ட் பண்ற மாதிரி பிளான், அந்த பேருக்கு ஐபி சொல்றது டிஎன்எஸ், டிஎன்எஸ் ஓடறது எல்லாரோட லாகினையும் சரி பாக்கற டொமைன் கன்ட்ரோலர் விஎம்ல, அந்த விஎம்மோட டிஸ்க் இருக்கறது அதே என்ஏஎஸ்ல. ஓடிக்கிட்டு இருக்கற வரைக்கும் இது யாரு கண்ணுக்கும் படாது, வருசக்கணக்கா கூட நல்லா ஓடும். எல்லாம் ஒன்னா அணைஞ்சு எந்திரிக்கற அன்னிக்கு டிஎன்எஸ் வரட்டும்னு ஸ்டோரேஜும், ஸ்டோரேஜ் வரட்டும்னு டிஎன்எஸ்ஸும் உக்காந்திருக்கும். ஸ்டோரேஜை ஐபி போட்டே மவுண்ட் பண்ணோம், நோடு பேரெல்லாம் ஹோஸ்ட்ஸ் ஃபைல்லயே எழுதினோம், டொமைன் கன்ட்ரோலரை ரெண்டா வெச்சு ரெண்டையும் வேற வேற நோட்ல, அந்தந்த நோட்டோட லோக்கல் டிஸ்க்லயே வெச்சோம். இது மூணையும் சின்ன ரூமு வெச்சிருக்கறவங்க எல்லாரும் இன்னிக்கே பாத்துருங்கன்னு சொல்லுவேன்.

மாத்தற வேலையில நெளிவு சுளிவு எல்லாம் விண்டோஸ்ல தான். லினக்ஸ் விஎம் அனேகமா கேள்வி கேக்காம வந்துரும், நெட்வொர்க் கார்டு பேரு மட்டும் மாறிருக்கும். விண்டோஸுக்கு விர்ட்டியோ டிரைவர் (விஎம்மோட டிஸ்க்கையும் நெட்வொர்க் கார்டையும் வேகமா ஓட்டறது) உள்ள இல்லாம டிஸ்க்கை விர்ட்டியோவுக்கு மாத்தினா பூட் டிஸ்க் தெரியலைன்னு நீல ஸ்கிரீன் காட்டி நின்னுரும். மொதல்ல சாட்டாங்கற சாதா டிஸ்க்கா பூட் பண்ணி, டிரைவர் போட்டு, ஒரு ஜிபி அளவுக்கு சும்மா ஒரு விர்ட்டியோ டிஸ்க்கை கூட மாட்டி விண்டோஸ் அதை பாத்துக்கிச்சான்னு உறுதி பண்ணிட்டு, அப்பறம் மெயின் டிஸ்க்கை மாத்தணும். கெளம்பறதுக்கு முன்னாடியே விஎம்வேர் டூல்ஸை அன்இன்ஸ்டால் பண்ணிருங்க, பழைய ஸ்னாப்ஷாட்டை (ஒரு நேரத்துல விஎம் இருந்த நெலமையை பதிஞ்சு வெக்கறது) எல்லாம் கழிச்சுருங்க, ஐபியை கையால எழுதி வெச்சுக்கங்க, ஏன்னா புது கார்டு வந்ததும் பழைய கார்டு மறைஞ்சு உக்காந்துக்கிட்டு அந்த ஐபியை விடாது.

லேப் அக்காவோட டாங்கிளை ஒரு நோட்ல சொருகி அந்த விஎம்முக்கு யூஎஸ்பி பாஸ்த்ரூ, அதாவது டாங்கிளை நேரா புடிச்சுக்கற வழி குடுத்தோம். வேலை செய்யுது. ஆனா அந்த விஎம் இனி அந்த நோட்டை விட்டு நகராது, மத்ததெல்லாம் ஓடிக்கிட்டே லைவ் மைக்ரேஷன்ல பக்கத்து நோட்டுக்கு போறப்ப இது மட்டும் அங்கயே கெடக்கும். அதனால சார்ட்ல அதுக்கு சிவப்பு மார்க்கர்ல வட்டம். அந்த நோட்ல கை வெக்கணும்னா ராத்திரி கடைசி பேட்ச் எறங்கினப்பறம் தான், அதுவும் அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு தான்.

கிளஸ்டர், அதாவது பல நோட்டை ஒன்னா சேத்து ஓட்டறது, அதை பத்தி ஒன்னு சொல்லணும். ரெண்டு சர்வர் வாங்கி கிளஸ்டர் போட்டுட்டோம்னு நிறைய பேரு சந்தோசமா சொல்றாங்க. ரெண்டு பங்காளிக்கு மட்டும் பொதுவா இருக்கற கெணத்துல தண்ணி மொறை மாதிரி அது. ஒருத்தர் வரலைன்னா அவருக்கு ஒடம்புக்கு முடியலையா இல்ல வழியில நிக்கறாரான்னு இன்னொருத்தருக்கு தெரியாது, தெரியாம மோட்டாரை போட்டா சண்டை. அதுக்கு தான் மெஜாரிட்டி ஓட்டு கேக்கறாங்க. ரெண்டு நோட்ல ஒன்னு போனா மிச்சம் இருக்கறதுக்கு மெஜாரிட்டி இல்லை, கான்ஃபிகரேஷன் ரீட் ஒன்லி ஆயிரும், புதுசா எந்த விஎம்மையும் ஸ்டார்ட் பண்ண விடாது. மூணாவது நோடு வாங்க முடியலைன்னா ஒரு சின்ன பழைய பெட்டியில ஓட்டு மட்டும் போடற கியூடிவைஸ் சாப்ட்வேரை போட்டு மூணாவது ஓட்டை குடுங்க. ஒரு நோடு செத்தா அதோட விஎம்மை இன்னொரு நோட்ல தானா எழுப்பற ஹெச்ஏவை ஆன் பண்ணிருந்தா இன்னும் கவனம், மெஜாரிட்டி இழந்த நோடு ஒரு நிமிச வாக்குல தன்னைத்தானே ரீபூட் பண்ணிக்கும். ஒரே விஎம் ரெண்டு எடத்துல ஓடிரக் கூடாதுன்னு வெச்ச காவல் அது, ரொம்ப சரியான காவல். ஆனா கிளஸ்டர் பேசிக்கற கோரோசிங்க் டிராஃபிக்கும் ராத்திரி பேக்கப்பும் ஒரே ஒயர்ல போனா, பேக்கப் பாரத்துல பேச்சு தாமதமாகி நல்லா இருக்கற நோடு கூட செத்ததா நெனச்சுக்கும். கோரோசிங்க்குக்கு தனி சுவிட்ச், தனி ஒயர். ஒரு சின்ன சுவிட்ச் காசை மிச்சம் புடிக்கற எடம் இது இல்லைங்க.

போன தீவாளி நோம்பிக்கு டிரான்ஸ்பார்மர் வேலைன்னு மொத்த கரண்டையும் நிறுத்தணும்னு சொன்னாங்க. தீவாளிக்கு திருப்பூரே காலியா கெடக்கும், வெளியூர் ஆளுக எல்லாம் ஊருக்கு போயிருவாங்க, இதை விட நல்ல நேரம் கெடைக்காது. சார்ட்டை செவுத்துல ஒட்டி, தலைகீழா ஒன்னொன்னா அணைச்சோம். மொதல்ல ஈஆர்பி அப்ளிகேஷன், பொறவு அதோட டேட்டாபேஸ், அட்டென்டன்ஸ், ஃபைல் சர்வர், லேப், கடைசியா டொமைன் கன்ட்ரோலர், அப்பறம் நோடு, அப்பறம் என்ஏஎஸ், சுவிட்ச். சுத்திகரிப்பு பிளாண்ட் மெஷின் மட்டும் சின்ன யூபிஎஸ்ஸோட அங்கயே தனியா ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதை கிளஸ்டருக்குள்ள கொண்டு வர வேண்டாம்னு மொதல்லயே பேசி முடிவு பண்ணது தான். எல்லா ஃபேனும் நின்னதும் முன்பக்க வலையை கழட்டி பாத்தா பஞ்சு பாயி மாதிரி படிஞ்சிருக்குது, வருசம் பூரா நிட்டிங்ல இருந்து பறக்கறது, அது போதாதுன்னு ஆடிக் காத்து பாலக்காட்டு கணவா வழியா அள்ளிக்கிட்டு வர்ற மண்ணு வேற. தம்பி புளோயர் வெச்சு ஊதறப்ப எலக்ட்ரீசியன் அண்ணன் பின்னாடி ஒயரை புடிச்சு பாத்துட்டு, "ஏனுங் தம்பி, ரெண்டு பவர் சப்ளைன்னு சொன்னீங்க, ரெண்டு கார்டும் இதே யூபிஎஸ்ல தான் சொருகிருக்குது"ன்னாரு. ரேக்கை ஆள் வெச்சு நகத்துனப்ப யாரோ மாத்தி சொருகிருக்காங்க. அப்பவே ஒன்னு ஏ யூபிஎஸ், ஒன்னு பி யூபிஎஸ்னு பிரிச்சு, ஒயருக்கு செவப்பு டேப்பும் நீல டேப்பும் சுத்தி விட்டாரு. அவரு அங்க வந்தது எங்களுக்கு கெடைச்ச புண்ணியம்.

கரண்ட் வந்தப்பறம் அதே சார்ட் மேல இருந்து கீழ. சுவிட்ச், என்ஏஎஸ், அது முழுசா எந்திரிச்சு ஷேர் தெரியற வரைக்கும் நோட்டை தொடலை. ரெண்டாவது நோடு வந்ததும் மெஜாரிட்டி வந்துச்சு. டொமைன் கன்ட்ரோலர் வந்ததும் மொதல்ல கடிகாரத்தை பாத்தோம், ஏன்னா அஞ்சு நிமிசத்துக்கு மேல நேரம் தள்ளிப் போனா லாகினை சரி பாக்கற கெர்பரோஸ் யாரையும் உள்ள விடாது, பாஸ்வேர்டு சரியா இருந்தும் ஆளுக தெணறுவாங்க. அதுக்கப்பறம் டேட்டாபேஸ், அது ரெடியானதும் அப்ளிகேஷன். ப்ராக்ஸ்மாக்ஸ்லயே ஸ்டார்ட் ஆர்டர், நடுவுல எத்தனை செகண்டு காத்திருக்கணும்னு குடுக்க எடம் இருக்குது, குடுத்திருக்கோம். ஆனா அந்த ஆர்டர் ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனி, பக்கத்து நோட்ல டேட்டாபேஸ் வந்துருச்சான்னு இது கேக்காது, ஹெச்ஏல போட்ட விஎம் அந்த ஆர்டரை மதிக்கறதும் இல்லை. அதனால செவுத்துல ஒட்டுன காகிதம் இன்னும் வேணும்.

பேக்கப்புக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர், மாறுன பிளாக் மட்டும் போறதனால ராத்திரி சீக்கிரமா முடிஞ்சிரும், விஎம்மை ஒருக்கா அணைச்சு போட்டா மட்டும் அடுத்த தடவை டிஸ்க் முழுசா படிச்சு பாக்கும். பச்சை டிக் விழுந்துருச்சுன்னு நான் திருப்தி பட்டுக்கறதில்லை. மாசம் ஒருக்கா சம்பள விஎம்மை, வெளிய ஒயரே இல்லாத ஒரு பிரிட்ஜ்ல (விர்ச்சுவல் சுவிட்ச்) ரீஸ்டோர் பண்ணி, சம்பளம் போடற அண்ணனை கூப்புட்டு உக்கார வெப்பேன், அவரே போன வார சம்பள ரெஜிஸ்டரை தொறந்து ரெண்டு மூணு பேரு கணக்கை தன் நோட்டுப்புக்கோட சரி பாத்து "இருக்குதுங்"னு சொன்னா தான் அது எனக்கு பேக்கப். ஸ்னாப்ஷாட் இருக்குதேன்னு சொல்றவங்களுக்கு ஒன்னு, அது அதே டிஸ்க்ல தான் இருக்குது, டிஸ்க் போனா கூடவே போயிரும்.

பேக்கப்போட இன்னொரு காப்பி பல்லடம் மில்லுக்கு போக ஆரம்பிச்சிருக்குது. பாக்கி இருக்கறது லேப் டாங்கிள் தான், நெட்வொர்க் லைசென்ஸா மாத்தித் தர முடியுமான்னு சாப்ட்வேர் காரங்ககிட்ட கேட்டிருக்கோம், குடுத்துட்டா அந்த சிவப்பு வட்டத்தையும் அழிச்சிரலாம். அக்காகிட்ட மாத்தறதுக்கு தேதி கேட்டேன், "இந்த ஷிப்மெண்ட் போகட்டும் தம்பி, பொங்க நோம்பிக்குள்ள பண்ணிக்கலாம்"னு சொல்லிருக்காங்க.