ஏற்றத்தில் 124 டிகிரி: பழைய பிக்கப்பின் கியர்பாக்ஸ் சூடு எங்கிருந்து வந்தது?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு கோழி எரு மூட்டைகளோடு ஏறியபோது, என் பிக்கப்பின் கியர்பாக்ஸ் ஆயில் 124 டிகிரியைத் தொட்டது. கைமாறி வந்த வண்டி; ஆறு கியர் ஆட்டோமேட்டிக். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, கியர் மாறுவதிலும் எந்த இடறலும் இல்லை. வண்டியின் கணினி தரும் அளவுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகிக் கைபேசியில் பார்த்துக்கொண்டு வந்ததால்தான் தெரிந்தது. இந்த அளவு எல்லாச் செயலிகளிலும் தானாக வந்துவிடாது. இன்ஜின் சூட்டுக்குப் பொதுக் குறியீடு உண்டு. கியர்பாக்ஸ் சூட்டுக்கு அந்தந்த வண்டி நிறுவனத்தின் குறியீட்டைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

80 முதல் 95 டிகிரி வரை இருந்தால் கவலையில்லை. மலை ஏற்றத்தில் சற்று நேரம் 105, 110 வரை போய் இறங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம். 120-ஐத் தாண்டி நின்றால் ஆயில் வேகமாகக் கெடும், ரப்பர் சீல்கள் இறுகும், கடைசியில் கிளட்ச் தகடுகள் வழுக்கத் தொடங்கும்.

பட்டறையில் கேட்டேன். "கியர் பெட்டியை இறக்கிப் பிரித்துப் பார்த்துவிடலாம் அண்ணா" என்றார் மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் பெரும்பாலான சூடு பிறப்பது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில். அது வெளியேறுவது, வண்டியின் முன்பக்கத்தில் காற்றுப்பட்டு ஆயிலைக் குளிர்விக்கும் கூலரில். பிறப்பது கூடிவிட்டதா, வெளியேறுவது குறைந்துவிட்டதா என்று அளந்து பார்க்காமல் பெட்டியைத் திறப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதலில் அந்த எண்ணே உண்மையா என்று பார்த்தேன். இரவு முழுவதும் நின்ற வண்டியில் விடியற்காலையில் சாவியை மட்டும் திருப்பினால், இன்ஜின் தண்ணீரும் கியர்பாக்ஸ் ஆயிலும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். மூன்றும் 12 டிகிரியை ஒட்டியே இருந்தன. சென்சார் பொய் சொல்லவில்லை.

அடுத்தது ஆயில். இந்தப் பெட்டிக்கு அளவுக்குச்சி கிடையாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கையேடு சொல்லும் வெப்பநிலையில் பக்கவாட்டு போல்ட்டைக் கழற்றி ஆயில் மெல்ல வழிகிறதா என்று பார்க்க வேண்டும். கோத்தகிரியில் சமதரைக்கு எங்கே போவது? ரசமட்டத்தை வைத்து, பின்சக்கரங்களுக்குப் பலகை கொடுத்துத்தான் மட்டப்படுத்த முடிந்தது. அளவு சரியாகவே இருந்தது. நிறம் பழுப்பு, லேசான கருகல் வாடை. ஆயில் தேங்கும் அடித்தட்டான சேம்பரைக் கழற்றியபோது காந்தங்களில் சாம்பல் நிற மென்பசை மட்டும் இருந்தது. உலோகச் சில்லுகள் இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்தால் இளஞ்சிவப்பாகப் பால் போலத் திரியும், அதுவும் இல்லை. பெட்டி நலமாக இருக்கிறது என்ற தைரியம் இங்கேதான் வந்தது.

கூலரில் முதல் குற்றவாளி அகப்பட்டது. ஆயில் உள்ளே போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தேன். பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். குஞ்சப்பனை ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் அளந்தபோது உள்ளே 116, வெளியே 110. ஆறு டிகிரி இறக்கத்தான் அந்தக் கூலரா? டார்ச் அடித்துப் பார்த்தால் கூலருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே செம்மண்ணும் பூச்சிகளும் இலைத்தூளும் அப்பிக் கிடந்தன. போதாததற்கு, முந்தைய உரிமையாளர் பம்பருக்கு முன்னால் இரும்புக் காப்பும் வரிசையாக விளக்குகளும் மாட்டி, காற்று வரும் வழியைப் பாதி அடைத்திருந்தார். விபத்தில் ஆபத்தைக் கூட்டும் என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை செய்த பொருள் அது. கழற்றிவிட்டேன். கூலரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவினேன்; பிரஷர் வாஷரை நேரே காட்டினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது, அதே எடை, அதே சாலை, மூடுபனி இல்லாத நடுப்பகல் என்று வைத்துக்கொண்டேன். கூலர் சுத்தமானதும் உச்ச அளவு 114-க்கு இறங்கியது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் போதாது.

மீதிச் சூடு கன்வெர்ட்டரில் பிறந்தது. இன்ஜினின் சுழற்சியை கன்வெர்ட்டர் ஆயில் வழியாகத்தான் கடத்துகிறது; இரு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது அந்த வழுக்கல் முழுவதும் சூடாகிறது. இரு பக்கத்தையும் நேரடியாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் பிடித்துக்கொண்டால் வழுக்கல் நின்றுவிடும். அன்னூர் சாலையில் சீராக ஓட்டியபடி பிரேக்கை லேசாகத் தொட்டதும், லாக்கப் விட்டு இன்ஜினின் சுழற்சி வேகம் (ஆர்பிஎம்) எழுந்தது. காலை எடுத்ததும் மறுபடி பிடித்தது. ஆக லாக்கப் வேலை செய்கிறது. ஏற்றத்தில்தான் அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. டி நிலையில் வண்டி இரண்டுக்கும் மூன்றுக்கும் மாறி மாறித் தாவியது. ஒவ்வொரு தாவலிலும் லாக்கப் விட்டது. இன்ஜினுக்கும், கன்வெர்ட்டரின் கியர்பாக்ஸ் பக்கமான டர்பைனுக்கும் 400 ஆர்பிஎம் வரை வித்தியாசம். கையால் இரண்டாம் கியரில் நிறுத்தி ஏறியதும், வளைவுகளுக்கு நடுவிலுள்ள நேர்ப்பகுதிகளில் அந்த வித்தியாசம் மறைந்தது. உச்சம் 108.

கடைசியில் டயர். வண்டியின் சொந்த அளவு 245/70 ஆர்16. மாட்டியிருந்தது 265/75 ஆர்16. விட்டம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர்கள் வழக்கமாகச் சற்றுக் கூட்டியே காட்டும். இதுவோ 58 காட்டும்போது கைபேசி ஜிபிஎஸ் 60 என்றது. பெரிய டயர் என்றால் ஒவ்வொரு கியரும் 7 சதவீதம் நீண்டுவிடுகிறது, அதாவது அதே சுழற்சிக்கு வண்டி அவ்வளவு கூடுதல் தூரம் போகிறது. அதே சாலை வேகத்தில் கன்வெர்ட்டர் கூடுதலாக வழுக்குகிறது, லாக்கப் பிடிக்கத் தாமதமாகிறது. கம்பீரமாக இருக்கிறது என்று மலையில் பலரும் இதைச் செய்கிறார்கள். எரு சுமக்கும் வண்டிக்கு இது தண்டனை. சரியான அளவு டயரோடு ஏறியபோது உச்சம் 103. அதுவும் குஞ்சப்பனை வருவதற்குள், லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த வெக்கையான கீழ்ப்பகுதியில்தான். மேலே குளிர்காற்று வந்ததும் 96.

ஆயிலை மறுபடி ஒருமுறை மாற்ற வேண்டும். சேம்பரைக் கழற்றியபோது வடிந்தது பழைய ஆயிலில் ஒரு பகுதிதான். மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கியிருக்கிறது. கையேடு சொல்லும் தரத்தையே வாங்குவேன், சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. அதன் பிறகு மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏற்றம். அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளில் பல இடங்களில் முதல் கியர்தான் எடுபடும், லாக்கப்பை எதிர்பார்க்க முடியாது. அங்கேயும் சுமையோடு 110-க்குள் நின்றால் கூடுதல் கூலர் வாங்கப்போவதில்லை. அந்தப் பணம் பிரேக் பேடுகளுக்குப் போகும்.