உருளைக்கிழங்கு குழைஞ்ச படம்

ஆபீசில் பக்கத்து சீட்டு நண்பர் உலக சினிமா பார்ப்பவர். பார்ப்பது மட்டுமல்ல, மற்றவர்கள் எதைப் பார்க்கவில்லை என்று கண்டுபிடிப்பதிலும் அவருக்குத் தனி ஆனந்தம். வெள்ளிக்கிழமை டீக்கடையில், "ஜான் டீல்மான் பாத்தாச்சா?" என்றார். கையில் சூடாக வாழைக்காய் பஜ்ஜி இருந்த தைரியத்தில், "ஓ, பாத்தாச்சே, அருமை" என்று சொல்லிவிட்டேன். "அப்ப திங்கக்கிழமை உக்காந்து பேசுவோம்" என்று போய்விட்டார்.

வீட்டில் இருப்பது ஒரே டிவி. அம்மாவின் சீரியல் இல்லாத நாள் ஞாயிறு. ஹாலில் படம் போட்டால் அம்மாவும் கூடவே பார்ப்பார், கருத்தும் சொல்வார். போன மாதம் ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்சின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' பார்த்தோம். டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்பவரின் கதை. அவர் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தைக்கூட சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்துத் துடைப்பார். நான் அந்த அமைதியில் உருகிக்கொண்டிருந்தேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார், எங்கள் பாத்ரூம் பக்கம் ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

'எ கொயட் ப்ளேஸ்' பாதியில் நின்றதற்கும் வீடுதான் காரணம். சத்தம் போட்டால் ஏதோ ஒன்று பாய்ந்து வந்து கொன்றுவிடும், அதனால் குடும்பமே சைகையில் பேசிக்கொண்டு வெறுங்காலில் நடக்கும் கதை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. "நம்ம வீடா இருந்தா பருப்பு வேகறதுக்குள்ள எல்லாரும் காலி" என்றார் அம்மா. அதற்கப்புறம் யாருக்கும் பயம் வரவில்லை.

சரி, ஞாயிறு கதைக்கு வருகிறேன். படத்தின் முழுப் பெயரைப் படித்துக் காட்டினேன்: ஜான் டீல்மான், 23, கே து கொமெர்ஸ், 1080 பிரஸ்ஸெல்ஸ்.

"என்னடா, கூரியர் வந்திருக்கா?"

"படத்தோட பேரே அதாம்மா. கதவு நம்பர், தெரு, பின்கோடு எல்லாம் சேர்த்து."

1975-இல் வந்தது. ஷாந்தால் ஆகர்மான் 25 வயது ஆவதற்குள் எடுத்த படம். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற சினிமாப் பத்திரிகை, உலகின் சிறந்த படம் எது என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில், 2022-இல் 1,600-க்கும் மேற்பட்ட விமர்சகர்கள் வாக்களித்து முதலிடம் கொடுத்தார்கள். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. நீளம் 3 மணி 21 நிமிடம். புருஷனை இழந்த ஒரு அம்மா, பள்ளிக்கூடம் போகும் பையன், மூன்று நாள் வீட்டு வேலை. கேமரா ஓரிடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், அசையாது. பாத்திரம் கழுவினால் கடைசிப் பாத்திரம் வரைக்கும் நாமும் கூடவே நிற்க வேண்டும்.

இருபதாவது நிமிடத்தில் என் கை போனைத் தேடியது. அம்மாவோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் ஒவ்வொரு அறையை விட்டு வெளியே வரும்போதும் மறக்காமல் விளக்கை அணைத்தார். "கரண்டு பில்லு யார் கட்டறாங்கன்னு இதுலேயே தெரியுது" என்றார் அம்மா. சாப்பிடும்போது பையன் புத்தகத்தை எடுக்க, படிக்காதே என்று தாய் சொன்னதை மொழிபெயர்த்தேன். சொல்லியிருக்கவே கூடாது. "எல்லா ஊர்லயும் சொல்றாங்க பாரு" என்று என் கையிலிருந்த போனைக் காட்டினார்.

ஒரு சிக்கல் இருந்தது. தினமும் மத்தியானம் ஒரு ஆள் வருவார், அறைக்கதவு சாத்தப்படும், கேமரா வெளியிலேயே நிற்கும்.

"யாருடா அந்த ஆளு?"

"சொந்தக்காரர் மாதிரி இருக்கும்மா."

ஆள் கிளம்பும்போது காசு கொடுத்தார். அந்தப் பெண் அதை வாங்கி, சாப்பாட்டு மேசையில் இருந்த பீங்கான் சூப் பாத்திரத்துக்குள் போட்டு மூடினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பாவம், ஒண்டியா பிள்ளைய வளக்கறா" என்றார். அப்புறம் என்னிடம் அந்த ஆளைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இரண்டாம் நாள், அடுப்பில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டு அந்தப் பெண் அறைக்குள் போனார். திரும்பி வந்து பார்த்தால் கிழங்கு குழைந்துவிட்டது. பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தார். அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏதோ ஆயிருச்சுடா."

"கிழங்கு கொஞ்சம் அதிகமா வெந்திருச்சும்மா, அவ்வளவுதான்."

"உனக்கு என்ன தெரியும்? அடுப்ப மறக்கற பொம்பள இல்ல இவ. இனிமே ஒன்னும் ஒழுங்கா நடக்காது, நீ பாரு."

அதே நேரம் உள்ளேயிருந்து என் மனைவி, "அத்தை, பாலு!" என்று கத்தினாள். எங்கள் அடுப்பில் பால் பொங்கி மேடை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் போய்த் துடைத்தேன். கண்ணாடி எல்லாம் வைத்துப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தால் அம்மா சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. சூப் பாத்திரத்தின் மூடி திறந்தே கிடந்தது, தலைமுடி கலைந்திருந்தது. பையன்கூட அதைக் கவனித்துச் சொன்னான். மூன்றாம் நாள் காபியும் சரியாக வரவில்லை. கொட்டிவிட்டு மறுபடி ஃபில்டரில் போட்டார். காபி சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுதான் நான் பார்த்த கடைசிக் காட்சி.

கண் விழித்தபோது டிவி அணைந்திருந்தது, ஹால் விளக்கும் அணைந்திருந்தது. அம்மா இருட்டில் சாப்பாட்டு மேசை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"படம் முடிஞ்சிருச்சா? கடைசில என்னம்மா ஆச்சு?"

"போய்ப் படு" என்றார்.

திங்கட்கிழமை நண்பர் டீயோடு வந்து உட்கார்ந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொத்தப் படமும் அந்தக் கிழங்கு குழைஞ்ச இடத்துலதான் இருக்கு. அடுப்ப மறக்கற பொம்பள இல்ல அவ" என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டார். "இந்த மாதிரி யோசிக்கிற ஆளுன்னு நெனைக்கவே இல்லைங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தோடு விட்டிருக்கலாம். "சரி, அந்தக் கடைசிக் காட்சிய எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?" என்றார்.

ஒரு நிமிடம் என்று மாடிப்படிப் பக்கம் போய் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அந்தப் படத்துல கடைசில என்ன ஆச்சுன்னு மட்டும் சுருக்கமா சொல்லேன்."

"அதெல்லாம் போன்ல சொல்ற சமாச்சாரம் இல்ல. வரும்போது அரைக்கிலோ உருளைக்கிழங்கு வாங்கிட்டு வா" என்று வைத்துவிட்டார்.