காப்பகம் கேட்டேன்

26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். திருநகரில் பஸ் ஏறும்போது மகள் மாமியாரின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாட்டுத்தாவணியில் இறங்குவதற்குள் பால் கட்டி மார்பு கனத்துவிட்டது.

50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்வரலாம் என்று 2017-இலேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் 70 பேர். கேட்டேன். "வீட்டில் மாமியார் இருக்கிறார்கள் அல்லவா?" என்றார் மேலாளர்.

இருக்கிறார். மூட்டுவலியோடு, 63 வயதில். அவர் உழைப்பை யார் கணக்கில் வைப்பது?

என் கணவரிடம் எவரும் இப்படிக் கேட்டதில்லை. தனியார் வேலையில் தந்தைக்கு விடுப்பு தரச் சட்டமே இல்லை. பிரசவத்துக்கு அவருக்குக் கிடைத்தது மூன்று நாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நேற்றுதான் மகளைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டார். கை நடுங்கியது, ஆனாலும் விடவில்லை.

நாளை காப்பகம் கேட்டு எழுத்தில் மனு கொடுக்கிறேன். இன்னும் இரண்டு பெண்கள் கையெழுத்திடுகிறார்கள்.