முதல் பருவத்துக்கு ஓர் ஆங்கிலப் பாடத்திட்டம்

ஜூன் 10, 2024, திங்கள்

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் சேர்பவர்களுக்கான முதல் பருவ ஆங்கிலப் பாடத்திட்டத்தைத் திருத்தியமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பழைய திட்டம் பெயர்ச்சொல்லில் தொடங்கிச் செயப்பாட்டுவினையில் முடிகிறது. இதே வரிசையைப் பள்ளியிலேயே பலமுறை படித்துவிட்ட மாணவர்கள் கோடிட்ட இடங்களைத் தயக்கமின்றி நிரப்புகிறார்கள்; உதவித்தொகைக்காக போனஃபைடு சான்றிதழ் கேட்டு நான்கு வரி எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. எனவே, ஆங்கிலம் தங்களை எங்கெல்லாம் மறித்தது என்று மூத்த மாணவர்களிடம் கேட்டேன். விண்ணப்பம், ஆய்வகக் குறிப்பேடு என எதிர்பார்த்தவற்றோடு வினாத்தாளும் வந்தது. பாடம் நன்றாகத் தெரிந்திருந்தும், ‘கம்பேர்’ என்ற கேள்விக்கு இரண்டில் ஒன்றைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் இழந்திருக்கிறார்கள்.

ஜூன் 13, வியாழன்

பணிகள் வழியே ஆங்கிலம் கற்பிக்கும் முறைக்கு முன்னோடியான என். எஸ். பிரபுவை மீண்டும் படிக்கிறேன். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பகுதிப் பள்ளிகளில் அவர் நடத்திய திட்டத்தில் இலக்கண வரிசையே கிடையாது. வரைபடம், கால அட்டவணை போன்றவற்றை வைத்துத் தீர்க்க வேண்டிய பணிகளே பாடம். கவனம் சொல்லவரும் பொருளில் இருக்கும்போது இலக்கண வடிவம் தானே படியும் என்பது அவர் துணிவு. தகவலைக் கைமாற்றும் பணியைவிட, கொடுத்த தகவலிலிருந்து யோசித்து முடிவுக்கு வரும் பணியையே அவர் சிறந்ததாகக் கருதினார். அதை அப்படியே ஏற்கிறேன். குழுவாகப் பேசவிடுவதை அவர் விரும்பாததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அறுபது பேர் இருக்கும் வகுப்பில், பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசிப் பார்க்காத மாணவி ஆசிரியரிடம் வாய் திறக்கமாட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

விடுதி மாணவர்கள் சிலரிடம் ஒரு பணியைச் சோதித்தேன். மதுரையிலிருந்து சென்னையில் காலை பத்து மணி நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும். பகலில் ஓடும் வைகையா, இரவில் ஓடும் பாண்டியனா, ஏன்? “வைகை நோ யூஸ் சார், ஆஃப்டர்நூன் ஒன்லி ரீச்” என்று உடனே பதில் வந்தது. காரணம் சரி, வாக்கியம்தான் தடுமாறுகிறது. அதே கருத்தைத் திருத்தமான ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதியதும், ஒருமை எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவதையும், ‘பத்து மணிக்குள்’ என்பதற்கு ‘பை டென்’ போதும் என்பதையும் அவர்களே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஆகவே ஒவ்வொரு அலகிலும் பணி முன்னே, இலக்கணம் பின்னே. பிரபு இந்தப் பின்பகுதியை ஒப்பமாட்டார்.

ஜூன் 26, புதன்

பாடத்திட்டக் குழுவில் சக ஆசிரியர் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி: தேர்வு பழையபடியே இருந்தால், மாணவர்கள் நோட்ஸை மனப்பாடம் செய்துவிட்டு வகுப்பை மறந்துவிட மாட்டார்களா? எழுபத்தைந்து மதிப்பெண் எழுத்துத் தேர்வில், பார்த்திராத ஓர் அறிவிப்பையோ அட்டவணையையோ கொடுத்து முடிவும் காரணமும் கேட்கும் வினாவைக் கட்டாயமாக்க ஒத்துக்கொண்டார்கள். அகமதிப்பீட்டின் இருபத்தைந்தில் பத்து, வாய்மொழிக்கு. தலைக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஒரு வகுப்புக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், அதைப் பருவ இறுதிக்குத் தள்ளாமல் வாரந்தோறும் சிலரிடம் நடத்துவதாக முடிவாகியிருக்கிறது. வகுப்பறைகளில் ஒலிபெருக்கி இல்லாததால், கேட்டல் பயிற்சிக்கான பகுதியை ஆசிரியரே இருமுறை வாசிப்பார்.