சாக்கில் ஒரு பாதித் தெய்வம்

சனிக்கிழமை இரவு என் நண்பர்கள் நான்கு பேர், நான் மூன்று வருடங்களாகப் பொத்திப் பொத்தி வளர்த்த காட்டுக்குள் புகுந்து, அங்கே புதைந்திருந்த தெய்வத்தைத் தோண்டி எடுத்து, சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முழுத் தெய்வம் இல்லை, பாதிதான். இருந்தாலும் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை.

நாங்கள் ஆடுவது டேபிள்டாப் ரோல்பிளே, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பேசியே கதையை நடத்துகிற ஆட்டம். மேஜை, பகடை, பென்சில், அப்புறம் நிறையப் பேச்சு. நான் கேம் மாஸ்டர். உலகத்தை உருவாக்குவது என் வேலை, அதைக் கெடுப்பது அவர்கள் வேலை. (நால்வரில் யாராவது இதைப் படித்தால் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். கீழே அடுத்த வார ஆட்டத்தின் ரகசியம் இருக்கிறது.)

முதலில் நான் வரைந்த காடு படு மோசம். நெருப்புக் குலம், நீர்க் குலம் என்று இரண்டு. ஒன்றின் தெய்வம் சூரியன் மகன், இன்னொன்றின் தெய்வம் மழையின் மகள். கொடி, நிறம், வாள் எல்லாம் ஜோடி ஜோடியாக. இரண்டு தெய்வங்களுக்கும் ஹிட் பாயிண்ட் வேறு, அதாவது எவ்வளவு அடி தாங்கிச் சாவார்கள் என்ற எண், எழுதி வைத்திருந்தேன். எண் எழுதிவிட்டால் ஆட்டக்காரன் கொல்லத்தான் பார்ப்பான், வேறு எதுவும் அவனுக்குத் தோன்றாது. மூன்றாவது ஆட்டத்தில் ஒருவன் கேட்டான்: "இவங்க எதுக்குடா அடிச்சுக்கிறாங்க?" வேறு வேறு சாமி கும்பிடுகிறார்கள் என்றேன். "அதுக்கு?" என்றான். பதில் இல்லை. அந்த வரைபடத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன்.

இரண்டாம் முறை தெய்வத்தை விட்டுவிட்டு உப்பிலிருந்து ஆரம்பித்தேன். புல்லில் உப்புச் சத்து குறைவு. அதனால்தான் மேயும் விலங்குகள் உப்பு மண்ணைத் தேடிப்போய் நக்குகின்றன. கென்யாவின் எல்கன் மலையில் கிடும் என்றொரு குகை இருக்கிறது. யானைகள் இருட்டில் தும்பிக்கையால் தடவிக்கொண்டே உள்ளே போய், தந்தத்தால் சுவரைப் பெயர்த்து, அந்த உப்புக் கல்லைத் தின்னும். இதைப் படித்த அன்றே என் காட்டின் நடுவில் ஒரு குகை முளைத்துவிட்டது. குகைக்குள் ஓர் உப்பு ஊற்று. ஊற்றைச் சுற்றி உப்பர் குலம். உவர் மண் என்பதால் அவர்களுக்கு எதுவும் விளையாது, இறைச்சிக்கும் தோலுக்கும் அடுத்தவன் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். மேலே மலைப் புல்வெளியில் மந்தையர். நூற்றுக்கணக்கில் மாடு, ஆனால் கைப்பிடி உப்பு கிடையாது. பனி இறங்கும் மாதங்களில் மந்தை கீழே வந்தாக வேண்டும். வருகிற வழி உப்பர் குகை வாசலைத் தொட்டுத்தான் போகிறது.

இரண்டு பேருக்கும் மற்றவர் இல்லாமல் வாழ்க்கை ஓடாது. சண்டைக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தெய்வங்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். உப்பருக்குக் கரிப்பாள், மந்தையருக்கு ஏறன். இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கரிப்பாளின் தகப்பன் ஊற்றின் ஆவி, ஏறனின் தகப்பன் மலைக்காற்று. இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. குந்தி பெற்ற சூரியன் மகனும் இந்திரன் மகனும் எதிரெதிர்த் தேரில் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். அதில் என்னை எப்போதும் உலுக்குவது போர் அல்ல. தன் மகன் ஜெயிக்க வேண்டும் என்று இந்திரனே வேஷம் போட்டுக்கொண்டு போய்க் கர்ணனிடம் கவசத்தையும் குண்டலத்தையும் யாசகம் வாங்குகிற இடம்தான். அப்பன் தேவனாக இருக்கலாம், செய்கிற வேலை என்னவோ பங்காளிச் சண்டைக்காரன் வேலை.

பாதித் தெய்வத்தில் எனக்குச் சுவையாகப் படுவது அந்த மனிதப் பாதிதான். முழுத் தெய்வத்துக்குக் கடன் கிடையாது, மூட்டுவலி கிடையாது. கரிப்பாளுக்கு இரண்டும் உண்டு. அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். கிழவி, கண் தெரியாது, உப்பு வாசம் எட்டுகிற தூரத்தைத் தாண்டினால் மூச்சு நின்றுவிடும். ஏறன் செத்து எட்டுத் தலைமுறை ஆகிறது. இதில் யாருக்கு வசதி? எழுத ஆரம்பித்தபோது உப்பருக்குத்தான் என்று நினைத்தேன், கூப்பிட்டால் பேசுகிற தெய்வம் ஆயிற்றே. ஆடப் போனால் நேர்மாறாக இருந்தது. "அம்மன் போருக்கு உத்தரவு கொடுத்துவிட்டாள்" என்று உப்பர் பூசாரி அறிவித்த மறுநிமிஷம் குகைக்குள்ளிருந்து "நான் எப்போடா சொன்னேன்?" என்று குரல் வருகிறது. செத்த ஏறனோ ஒருபோதும் மறுத்துப் பேசுவதில்லை. பூசாரி எது சொன்னாலும் அது ஏறன் வாக்கு. மாடு கவரப் போன இடத்தில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, மயிற்பீலி சூட்டி, கள் படைத்த சங்க காலத்து நடுகல்லை நினைத்துக்கொண்டுதான் அவன் சமாதியை வரைந்தேன். நீளம் ஒன்பது முழம். அவ்வளவு பெரிய ஆள் என்பது மந்தையர் நம்பிக்கை.

எலும்புத் திருட்டுக்கு வருகிறேன். அதற்கு நானே பொறுப்பு. ஆட்டத்துக்கு நடுவில் டீ குடிக்கும்போது வாய் சும்மா இருக்காமல் பழங்காலக் கிரேக்க வரலாற்று எழுத்தாளர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்த இரண்டு கதைகளைச் சொன்னேன். முதல் கதை: ஏதென்ஸோடு மோத உதவி கேட்டுத் தீப்ஸ் நகரத்தார் ஏஜினா தீவுக்கு ஆள் அனுப்பினார்கள். தீவின் ஆதி அரசன் ஏயக்கஸ், கிரேக்கர்களின் தலைமைத் தெய்வமான சூஸின் மகன். ஏஜினாக்காரர்கள் படையை அனுப்பவில்லை, ஏயக்கஸ் வம்சத்து வீரர்களை, அதாவது அவர்களுடைய தெய்வ சக்தியை, அனுப்பி வைத்தார்கள். தீப்ஸ் அதை நம்பிப் போருக்குப் போய் நன்றாக அடி வாங்கியது. அப்புறம் அந்த வீரர்களை மரியாதையாகத் திருப்பி அனுப்பி, தயவுசெய்து மனிதர்களைக் கொடுங்கள் என்று கேட்டார்களாம். இதற்கு நால்வரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இரண்டாவது கதைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஸ்பார்ட்டாவால் டெஜியா என்ற இன்னொரு கிரேக்க நகரத்தை ஜெயிக்கவே முடியவில்லை. ஓரெஸ்டீஸ் என்ற புராண வீரனின் எலும்பைக் கொண்டுவந்தால் ஜெயிக்கலாம் என்று டெல்ஃபி கோயிலில் குறி சொன்னார்கள். டெஜியாவில் ஒரு கொல்லன் கிணறு தோண்டும்போது ஏழு முழச் சவப்பெட்டி ஒன்று தட்டுப்பட்டிருந்தது. அவன் வாயிலிருந்து இதைக் கறந்த லிக்காஸ் என்ற ஸ்பார்ட்டாக்காரன், அந்தப் பட்டறை நிலத்தையே வாடகைக்கு எடுத்து, தோண்டி, எலும்பைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தான். அதன்பின் ஸ்பார்ட்டா தோற்கவில்லை என்கிறார் ஹெரோடோட்டஸ். ஏதோ பழங்கால விலங்கின் எலும்பாக இருந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு.

சொல்லி முடித்ததும் மேஜையில் ஒரு மௌனம். அந்த மௌனம் எனக்குத் தெரியும், எப்போதும் கெட்டதுக்குத்தான்.

நான் யோசித்து வைத்திருந்தது கல்யாணப் பேச்சுவார்த்தை. பாலும் உப்பும் மாற்றிக்கொள்ளும் சடங்கு, நாற்பது நாள் சமாதானம், பாட்டுகூட எழுதி வைத்திருந்தேன். அவர்கள் மண்வெட்டியோடு மலையேறிவிட்டார்கள். காவலுக்கு யார் என்று கேட்டார்கள். அதை நான் யோசித்திருக்கவில்லை. தினமும் சமாதிக்குப் பால் ஊற்றுகிற ஒரு கிழவி என்று சட்டென்று சொன்னேன். ஒளிந்து போகப் பகடை போட்டார்கள். இருபது முகப் பகடையில் மூன்றுதான் விழுந்தது, அது போதாது. கிழவி திரும்பிப் பார்த்தாள். நேருக்கு நேர். கத்தியிருக்க வேண்டும். ஏனோ நான், "அவள் பால் சொம்பை எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போகிறாள்" என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பது முழக் குழிக்குள் இருந்தது சாதாரண ஆள் ஒருவரின் எலும்புதான். என்னைவிடக் குள்ளம். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒருமுறை முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. "இவ்வளவுதானா?" என்றாள் எங்கள் கூட்டத்தின் வில்லாளி. பிறகு தன் போர்வையைக் கழற்றி எலும்புகளைச் சுற்றினாள். யாரும் சொல்லாமல் செய்தாள். சாக்கு அதற்கு மேலேதான்.

அந்தக் காலை முறித்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஏழு வயதில் பாறை உச்சியில் விளையாடும்போது அக்கா தள்ளிவிட்டாள். அம்மாவிடம் அவன் காட்டிக்கொடுக்கவில்லை, தானே விழுந்ததாகச் சொன்னான். மூன்று வருடத்துக்கு முன்னால் நோட்டின் ஓரத்தில் எழுதியது. இதை எங்கே பயன்படுத்தப் போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

மந்தையர் வெறும் குழியைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? பூசாரி மூடி மறைத்து அதற்கும் பால் ஊற்றச் சொல்வான் என்று நினைக்கிறேன், நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். கிழவி ஏன் கத்தவில்லை என்பதற்கு மூன்று காரணம் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு இதுவரை எழுதியிருப்பது ஒரே வரி: சாக்கை அவிழ்த்ததும் கரிப்பாள் கையை நீட்டுவாள், மண்டையோட்டைத் தேடமாட்டாள், இடது காலைத் தேடுவாள்.