யோபுவின் கதை கேட்டவர்

கன்னியாகுமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டைக்குள் கூரையில்லாத ஒரு பழைய சிற்றாலயம் இருக்கிறது. அதற்குள் டிலனாய் என்ற தளபதியின் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனித தேவசகாயத்தின் திருத்தலங்களைப் பார்க்க வருகிறவர்களில் பலர் பக்கத்தில் இருக்கும் இந்தக் கோட்டைக்குள் நுழைவதில்லை. என் அக்காவை நான் முதலில் இங்கேதான் கூட்டிப் போனேன்.

அத்தான் இறந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. மாரடைப்பு. பாதி கட்டிய வீடும் அதன் கடனும் அக்கா தலையில். அதைவிட அவளை உடைத்தது துக்க வீட்டுக்கு வந்தவர்களின் பேச்சு. "வீட்டுல ஏதோ குறை இருக்கு, ஆண்டவர்கிட்ட சரியா இல்லாததுதான் காரணம்" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அதோடு அவள் கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. தேவசகாயம் நடந்த வழியாக ஒரு நாள் போய்வரலாம் என்றபோது மட்டும், சரி என்றாள்.

டிலனாய் டச்சுக் கம்பெனிப் படையோடு வந்தவர். 1741 குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டார். மன்னர் அவர் திறமையைப் பார்த்துத் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். பதவி கிடைத்தது, மரியாதை கிடைத்தது. சொந்த மண்ணுக்குத் திரும்புவது மட்டும் நடக்கவில்லை. 1777-ல் இறந்து இங்கேயே அடக்கமானார்.

அதே மன்னரின் அரண்மனையில் அலுவலராக இருந்தவர் நீலகண்ட பிள்ளை. இவர்தான் பின்னாளில் தேவசகாயம். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்பு வந்து மனசு ஒடிந்துபோயிருந்த நேரத்தில், டிலனாய் அவருக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்தவர் யோபு. எல்லாம் போன ஒருவரிடம், எல்லாவற்றையும் கடல் தாண்டி விட்டுவிட்டு வந்த ஒருவர் சொன்ன கதை அது. அதனால்தான் அது உள்ளே இறங்கியிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. வசதியாக உட்கார்ந்திருக்கிறவர் சொல்லியிருந்தால் வெறும் உபதேசமாகப் போயிருக்கும்.

யோபுவைப் பொறுமைசாலி என்று மட்டும் பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். புத்தகத்தைத் திறந்தால் அவர் தான் பிறந்த நாளையே சபிக்கிறார், கடவுளோடு நேருக்கு நேர் வழக்காடுகிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள்தான் "நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை" என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபிப்பது அந்த நண்பர்களை. யோபு என்னைப் பற்றிப் பேசியதே சரி என்கிறார். கல்லறை ஓரத்தில் உட்கார்ந்து இதை அக்காவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அழுதது தப்பில்லன்னு கடவுளே சொல்லிட்டாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில், பத்தாரி என்ற இயேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். நம்மில் பலர் எதிர்பார்ப்பது, அதன்பிறகு கஷ்டம் தீர்ந்தது என்ற கதையை. நடந்தது நேர்மாறு. சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார், தன் விசுவாசத்தை வெளிப்படையாகச் சொன்னார், பகை வளர்ந்தது. 1749-ல் கைது செய்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடிபட்ட புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழைய பதவி திரும்பியிருக்கும். சொல்லவில்லை.

கோட்டைக்கு அருகிலேயே முட்டிடிச்சான் பாறை. தாகத்தில் தவித்தவர் ஜெபித்துக் கைமுட்டியால் இடிக்க, பாறையில் தண்ணீர் ஊறியது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் விசுவாசம். ஊற்று என்றதும் நான் பெரிதாக ஏதோ நினைத்திருந்தேன். கைக்கு அடக்கமான ஒரு குழிதான். அங்கே நின்ற ஒரு பாட்டி, "குடி மக்களே, பிள்ளை குடிச்ச தண்ணியாக்கும்" என்று அக்காவிடம் நீட்டினார். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை நெற்றியில் தடவிக்கொண்டாள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்தது. விலங்கு கழன்று விழவில்லை. காவலர்கள் ஓடிப்போகவில்லை. அன்றைய தாகத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைத்தது, அவ்வளவுதான். மறுபடியும் நடத்திக் கூட்டிப் போனார்கள், அவரும் நடந்தார்.

பஸ் பிடித்து ஆரல்வாய்மொழி போய்ச் சேரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காற்றாலைகள் நிற்கிற ஊர், காற்றைப் பற்றிக் கேட்கவா வேண்டும். காற்றாடிமலையில் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் ஏறினாள். 1752 ஜனவரி 14 இரவில் அவரை இங்கே கொண்டுவந்து சுட்டார்கள். வயது 39. கடைசியாக ஜெபிக்கக் கொஞ்சம் நேரம் கேட்டு முழங்காலில் நின்றாராம். அந்தத் தடம் என்று பாறையில் காட்டுகிறார்கள். அவர் உயிர் பிரிந்தபோது மணிபோல் ஒலித்ததாகச் சொல்லும் பாறையும் அங்கேதான். வருகிறவர்கள் சின்னக் கல்லால் தட்டிப் பார்க்கிறார்கள். நானும் தட்டினேன். கணீரென்று வெண்கலச் சத்தம்தான் வந்தது. அக்கா தட்டவில்லை. முழங்கால் தடத்தின் பக்கத்தில் போய், தரையில் முட்டி போட்டாள். அத்தானை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவள் ஜெபித்து நான் பார்த்தது அப்போதுதான்.

2012-ல் நாகர்கோவிலில் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். குருவோ துறவியோ அல்லாத, மனைவியோடு குடும்பம் நடத்திய ஒரு மனிதர் அந்த இடத்துக்கு உயர்ந்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்த மலையில் எனக்கு அதிகம் நினைவில் ஓடியது ஞானப்பூதான். கணவர் மறைந்தபின் அவர் வடக்கன்குளத்துக்குப் போய் அங்கேயே வாழ்ந்தார். பட்டம், விழா எதையும் பார்க்காமல், அந்த விசுவாசத்தோடு ஒவ்வொரு நாளையும் தனியாகக் கடந்த பெண்மணி. அவரைப் பற்றி நம் மறையுரைகளில் இன்னும் நிறையப் பேச வேண்டும்.

திரும்பும்போது கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இறங்கினோம். தேவசகாயத்தின் எலும்புகளைச் சேர்த்து எடுத்துவந்து அடக்கம் செய்த ஆலயம் இது. பீடத்தின் முன் கல்லறை. அங்கே மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அக்கா தானாகவே அத்தானின் வருஷ நினைவுக்கு எங்கள் பங்கில் பூசை கேட்க வேண்டும் என்றாள். அதுவரை அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

வடசேரியில் பஸ் ஏறியதும் வீட்டுக் கடனைப் பற்றி அவளே பேச ஆரம்பித்தாள். மாடியை இப்போதைக்கு நிறுத்திவிட்டுக் கீழ்த்தளத்துக்குக் கதவு மட்டும் போட்டால் குடிபோகலாமா, நகையை அடகு வைக்காமல் தவணையை நீட்டிக் கேட்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கைப்பையிலிருந்து பழைய ரசீது ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டே வந்தாள்.